மீற்றருக்குப் பிடிபடாத துஷ்யந்தன்

2007 ஆவணியில இருந்து கொழும்பு வெள்ளவத்தை துஷ்யந்தனை எந்த மீற்றரும் காட்டுறேல்ல. பாமசி வாசல் தராசில ஏறி நிண்டா முள்ளு பூச்சியத்திலயே நிக்கும். காய்ச்சல் அடிச்சா தேமாமீற்றர் அசையாது. நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பாத்த டொக்டர் நேர்கோட்டைக் கண்டிட்டு, மிசின் பழுது எண்டு எழுதி ரண்டு பனடோல் குடுத்து அனுப்பினார். அவன் மல்ரிமீற்றரைப் பிடிச்சா வீட்டுக் கரண்டும் பூச்சியம்தான்.

அதுக்கு முதல், அளக்கிறதில அவனைப்போலப் பைத்தியம் பிடிச்ச ஆள் காலி வீதி முழுக்க இல்லை. ஆக்கள் பாவிச்சு விட்ட மீற்றருகளை இன்ரநெற் ஏலத்தில வாங்குவான். வித்தை சிம்பிள். வேலை செய்யுமோ தெரியாது எண்டு போட்டிருக்கிறதைத்தான் பாக்கவேணும், விலை பாதிக்கு விழுந்திருக்கும். ஆனா போட்டோவில திரை எரியுதெண்டா விடாத, விலையைக் கேட்டு அடி! அப்பிடித்தான் இங்கிலாந்தில மூடின லாப் ஒண்டின்ட ஒசிலஸ்கோப், கரண்டின்ட அலையைப் பச்சைக் கோடாக் கீறிக் காட்டுற பெட்டி, நாப்பது பவுணுக்கு விழுந்தது. புதுசெண்டா லட்சக்கணக்கு. ஆனா வயரும் திரையுமா ஒரு பெட்டி யாழ்ப்பாணத்துப் பேருக்கு, வெள்ளவத்தை அட்ரசுக்கு வந்தா, சண்டை நடந்த அந்த நாளில குண்டுச் சாமான் எண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதால கொட்டாஞ்சேனையில இருக்கிற கிறிஸ்தவக் கூட்டாளி பற்றிக்கின்ட பேரைப் போட்டான். "என்ட பேருக்கென்ன மச்சான், வெள்ளைக்காரன் எண்டு நினைச்சு சலூட் அடிச்சுக் குடுப்பாங்கள்" எண்டு பற்றிக் சிரிச்சான்.

பெட்டி வந்திட்டுது எண்டு கேட்டு துஷ்யந்தன் பாய்ஞ்சு போனா, பற்றிக் வீட்டு வாசலில ஜீப். பெட்டி திறந்து கிடக்கு. பற்றிக்கின்ட அம்மா மாக்ரெட் கைலேஞ்சித் துணியை வாயில வச்சுக்கொண்டு நிக்கிறா. ஒரு பொலிஸ்காரன் இவனைப் பாத்து "மேக்க ஒயாகெத?" எண்டான், இது உன்டதோ எண்டு. இவன் சிங்களத்திலயே, நான் ரோட்டால போறவன் சேர், இந்த ஆளையே தெரியாது எண்டான். பற்றிக் நிமிர்ந்தும் பாக்கேல்ல. பெட்டி தன்டது எண்டு சொல்லிப்போட்டு ஜீப்பில ஏறினான்.

இருவத்தாறு நாள் வச்சிருந்தாங்கள். அந்த இருவத்தாறு நாளும் துஷ்யந்தன் உண்மையைச் சொல்ல எண்டு வெளிக்கிட்டு, பொலிஸ் மதில் மட்டும் போய்ப் போய்த் திரும்பினான். பூச்சியம் தொடங்கினது அந்த முதல் கிழமைதான்.

ஒண்டும் இல்லை எண்டு பற்றிக்கை விட்ட பிறகு, துஷ்யந்தன் அவன்ட வீட்டு வாசலில போய் நிண்டு "மச்சான், நான்..." எண்டு இழுத்தான்.

"உள்ளுக்கு வாடா, அம்மா பிளேன்ரீ போடுறா. உன்ட பெட்டியையும் தந்திட்டாங்கள். போட்டுக் காட்டு பாப்பம்."

துஷ்யந்தன் பெட்டியின்ட வயர் முனையைக் கையால பிடிச்சான், கோடு அசையாமப் படுத்துக் கிடந்தது. பற்றிக் வாங்கிப் பிடிச்சான், அலை எழும்பிச்சு. முனையைக் கையில வச்சுக்கொண்டே பற்றிக் சொன்னான், "மிசினும் உன்னைத் தெரியாது எண்டுதடா."

அடுத்த வருசத்தில இருந்து ரண்டு பேரும் கொட்டாஞ்சேனையில ரேடியோ திருத்தினாங்கள். ஈயம் உருக்கி வயர் ஒட்டுறது துஷ்யந்தன், அளக்கிறது பற்றிக். ஏனெண்டு வாறவை ஒருத்தரும் கேக்கிறேல்ல. பொலிசில இருந்து திரும்பி வந்த நாள் துவக்கம் பற்றிக்கின்ட வலது கையில ரண்டு விரல் மடங்காது, முனை நழுவிக்கொண்டே இருக்கும். அவன் திருப்பித் திருப்பி வச்சு நம்பரைச் சொல்லுமட்டும் துஷ்யந்தன் தலையைக் குனிஞ்சுகொண்டு இருப்பான்.