கதவைத் திறந்தவள்

கதவு தட்டப்பட்டபோது ட்ரெவர் பிளாஞ்சார்ட் கால் இரண்டையும் ஸ்டூலின் மேல் நீட்டி டிவியில் ஸ்னூக்கர் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிய விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில், அந்தத் தெருவில் தெரிந்தவர்கள் யாரும் முன்கதவைத் தட்டுவதில்லை, பின்சந்து வழியாக நேரே சமையலறைக்கு வந்து நிற்பார்கள். பார்சல்காரன் ஒரு தட்டு தட்டிவிட்டு வேனுக்கு ஓடிவிடுவான். இது அப்படியில்லை. ஒரே அளவில், அவசரமில்லாமல், கதவு திறக்கும்வரை தட்டத் தயாராக இருக்கிறவனின் தட்டு. ட்ரெவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடக்கினான். படத்தை அணைக்கத் தோன்றவில்லை. பச்சை மேசையில் பந்துகள் ஓசையில்லாமல் உருண்டுகொண்டிருந்தன. அவன் வெறும் காலுறையோடு எழுந்து, தரைப்பலகை முனகும் இடத்தைத் தாண்டிக் காலை வைத்து, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு குட்டிக் கதவுக்குப் பின்னால் இருந்த மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டான்.

டிவி பார்க்கிற ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்காக வருடாவருடம் கட்டவேண்டிய டிவி லைசன்ஸ் காசை அவன் நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது. அதை அவன் முதலில் சொன்னது மனைவி கிளெண்டாவிடம் அல்ல, பீர் குடிக்கப் போகும் தொழிலாளர் கிளப்பில். "நான் பாக்காத சானலுக்கு நான் எதுக்குய்யா அழணும்?" என்று மேசையைத் தட்டிக் கேட்டான். கேட்டவர்கள் கை தட்டினார்கள். கிளெண்டாவுக்கு விஷயம் வேறு யார் மூலமாகவோதான் வந்து சேர்ந்தது. "அப்ப நாம திருடிப் பாக்கறோமா?" என்று அவள் கேட்டாள். "இது கொள்கை" என்றான் ட்ரெவர். கொள்கை என்று சொல்லிவிட்டு அன்று மாலையே கால்பந்து பார்த்தான். லைசன்ஸ்காரன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன்பிறகு கிளப்பில் பாடமே நடத்தினான். அவனுக்கு உன் வீட்டுக்குள் கால் வைக்க உரிமை கிடையாது. பெயர் சொல்லாதே. மூஞ்சிமேல் சாத்து. கிளெண்டாவிடமும் சொல்லித்தான் வைத்திருந்தான்.

சமையலறையில் அவள் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. ஈரக்கையைத் துடைத்தபடி வந்தவள், பாதி திறந்திருந்த குட்டிக் கதவு வழியாகப் படியில் நிற்கும் கணவனைப் பார்த்தாள். அவன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"மழையில நிக்கறாங்க யாரோ" என்றாள் மெதுவாக. பிறகு போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"டிவி லைசன்ஸ் விஷயமா வந்திருக்கேன் மேடம். இந்த வீட்டுக்கு லைசன்ஸ் இல்லைன்னு காட்டுது."

"அது கிடக்கட்டும், முதல்ல உள்ள வாங்க. என்ன இப்படி நனைஞ்சிருக்கீங்க!"

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. முன்கதவைத் திறந்தால் நேரே முன்னறை. முன்னறையில் நேரே டிவி. ட்ரெவருக்கு ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. இளைஞன் இல்லை. சளி பிடித்த, களைத்த குரல். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு எதையோ கேட்டது. கிளெண்டா பாத்திரம் துடைக்கும் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா மேடம்?"

"இல்ல. நான் மட்டும்தான்."

ட்ரெவர் கண்ணை மூடிக்கொண்டான். முன்னறையை அவனால் அப்படியே பார்க்க முடிந்தது. ஸ்டூலுக்குக் கீழே படகு மாதிரி அவனுடைய செருப்புகள். நாற்காலிக் கையில் ஆவி பறக்கும் டீ. குதிரைப் பந்தயப் பக்கத்தில் மடித்து வைத்த பேப்பர், அதன் மேல் அவனுடைய கண்ணாடி.

"ஸ்னூக்கர் பார்ப்பீங்களா?" என்றது குரல்.

"ரொம்பப் பிடிக்கும்."

"யார் ஜெயிச்சிட்டிருக்காங்க?"

அவள் டிவி பக்கம் நகரும் காலடி கேட்டது. பிறகு கிளெண்டா, "சிவப்புப் பந்துக்காரர்தான்" என்றாள்.

ஸ்னூக்கரில் சிவப்புப் பந்துக்காரர் என்று ஒருவர் கிடையாது. சிவப்பை இருவருமே அடிப்பார்கள். அந்த ஆளுக்கும் அது தெரிந்திருக்கும். முன்னறையில் விழுந்த மௌனத்திலிருந்து தெரிந்திருக்கிறது என்று ட்ரெவர் புரிந்துகொண்டான். அந்த மௌனம் மாடிப்படி வரை வந்தது, அவனைப் பார்த்தது. பிறகு அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீங்கள் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயமில்லை, சொல்வது நீதிமன்றத்தில் சாட்சியாகலாம் என்று மனப்பாடமாக ஒப்பித்தான். கிளெண்டா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பெயர், பிறந்த தேதி. ஆமாம், பார்க்கிறேன். ஆமாம், நேரலைதான். பள்ளியில் ஆசிரியை கேட்டால் ஒரு சிறுமி சொல்வாளே அப்படி, தெளிவாக.

சில படிகள், ஒரு கதவு. இறங்கிப் போய், "நான்தான்யா பாக்கறேன், எழுதிக்கோ" என்று சொல்ல வேண்டியதுதான். அதற்குத்தானே இரண்டு வருடமாகக் கிளப்பில் ஒத்திகை பார்த்தான்? இப்போது இறங்கினால் அவள் பொய் சொன்னது வெளியாகிவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. நல்ல காரணம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முன்கதவு சாத்தப்படும் வரை, சுவரில் கையை ஊன்றியபடி அப்படியே நின்றான்.

இறங்கி வந்தபோது அவள் மறுபடி உருளைக்கிழங்கில் இருந்தாள்.

"எதுக்குத் திறந்த?"

"மழை."

"சரி, நான் இல்லைன்னு எதுக்குச் சொன்ன?"

"நீ இல்லாத மாதிரிதானே நின்ன" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். கோபமில்லை. சுருண்டு விழும் தோல் கடைசி வரை அறுபடவில்லை.

கிளெண்டா டிவி பார்ப்பதில்லை. அவளுக்கு ரேடியோதான். உள்ளூர் நிலையம், காலை முதல் சாயங்காலம் வரை. எந்தச் சாலையில் பள்ளம், யாருடைய பூனை தொலைந்தது, மீன் சந்தையில் என்ன விலை. ரேடியோ கேட்க லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் அந்த நிலையத்தை நடத்துவது லைசன்ஸ் காசுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே ட்ரெவர் நிறுத்தியது தெரிந்த நாளிலிருந்து அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "ஓசில கேக்கறவ சத்தமா கேக்கக் கூடாது" என்றாள். கடல் துறைமுகத்தைத் தாண்டி ஏறிவந்த வருடம், எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பள்ளியில் தங்க இடம் என்று அந்த நிலையம்தான் ஒவ்வொன்றாக வாசித்தது. ட்ரெவரும் அன்று சமையலறையில், அதே ரேடியோவின் முன், கோட்டு போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். தன் தெருவின் பெயர் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டான். கிளப்பில் பேசும்போது இந்த நினைவு ஒருநாளும் அவனுக்கு வந்ததில்லை. இப்போது அடிக்கடி வந்தது.

நீதிமன்றத்திலிருந்து கடிதம் அவள் பெயருக்கு வந்தது. சட்டம் அப்படித்தான் வேலை செய்கிறது. கதவைத் திறந்து பேசியவர் எவரோ, அவர்மேல்தான் குற்றம். நூலகத்துப் புத்தகத்தைக்கூட நாள் தவறித் திருப்பியறியாதவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கணப்பு மாடத்தின் மேல் சாய்த்து வைத்தாள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் பதில் போட்டால் போதும், நேரில் போகவேண்டியதில்லை.

"நான் எழுதறேன்" என்றான் ட்ரெவர். "பாத்தது நான்தான், நிறுத்தினதும் நான்தான், அவளுக்குச் சம்பந்தமில்லைன்னு."

"எழுது" என்றாள்.

வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் பேனாவைத் தேடி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தள்ளிவிட்டுத்தான் அவன் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் நெவில் கேட்டான். நெவில் பக்கத்துத் தெரு, பெரிய வாய். "உங்க தெருவுக்கு லைசன்ஸ்காரன் வந்தானாமேய்யா?"

உண்மையைச் சொல்ல அதைவிட எளிதான இடம் கிடையாது. ட்ரெவர் கிளாஸை எடுத்தான், ஒரு வாய் குடித்தான். "வந்தான். மூஞ்சிமேல சாத்தினேன்."

"அடிச்சான் பாரு!"

"நனைஞ்ச கோழி மாதிரி நின்னான். நான் பாட்டுக்குப் போய் ஸ்னூக்கர் பாத்தேன்."

சிரித்தார்கள். அவனுக்கு ஒரு பைன்ட் பீர் வந்தது. மேசை மூலையில் வில்ஃப் மட்டும் சிரிக்கவில்லை. வில்ஃப் மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்து வரை போய்வந்தவன். "நான் கட்டறேன்" என்றான்.

"நீ கட்டுவ. நீ எதுக்குத்தான் கட்டமாட்ட?" என்றான் ட்ரெவர்.

"கடல்ல இருந்தப்ப எங்களுக்குப் புயல் வருதுன்னு ரேடியோல சொன்னது யாரு? சோப்பு விளம்பரம் போடற சானல்காரனா?"

"நீ கரைக்கு வந்து எத்தனை காலமாச்சு, யோவ்!"

"அன்னிக்கு எவனோ கட்டினான், நான் பொழைச்சேன். எவன்னு தெரியாது. அதான் கட்டறேன்." வில்ஃப் கிளாஸைக் காலி செய்தான். "நீ கட்டாட்டி போ. ஆனா பாக்காம இரு. பாத்துட்டு கட்டாததுக்குப் பேரு வேற."

வாங்கித் தந்த பீர் சூடாகும் வரை ட்ரெவர் அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

ஞாயிறு மதியம் கிளப்பில் இறைச்சிக் குலுக்கல், சீட்டு விழுந்தவருக்கு ஒரு தட்டு இறைச்சி. கிளெண்டா வருவதில்லை, அந்த ஞாயிறு வந்தாள். நீலக் கோட்டு போட்டிருந்தாள், உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். எதற்கு வருகிறாய் என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை. அவள் உட்காரக்கூட இல்லை, அதற்குள் நெவில் எழுந்து இரண்டு கையையும் விரித்தான்.

"வா கிளெண்டா! சிங்கத்தை வீட்ல கட்டிப் போட்டிருக்கியே!"

"எந்தச் சிங்கம்?"

"இதோ! லைசன்ஸ்காரன் மூஞ்சிமேல கதவைச் சாத்தினானாமே உன் புருஷன்!"

ட்ரெவர் தன் கைகளைப் பார்த்தான். மேசையைச் சுற்றி எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். சொல்லட்டும் என்று நினைத்தான். சொல்லிவிட்டால் அவன் சொல்லவேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததுமே, தான் மறுபடி படியேறி நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"மூஞ்சிமேலயா?" என்றாள் கிளெண்டா.

"மூஞ்சிமேல!"

அவள் ட்ரெவரைப் பார்த்தாள். மணம் முடித்த பெண் கணவனைப் பார்ப்பதுபோல் அல்ல, பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல். "ஆமா" என்றாள். "மழை வேற. பாவம் அந்த ஆளு."

மேசை அதிர்ந்து சிரித்தது. நெவில் அவன் முதுகில் ஓங்கி அறைந்தான். வில்ஃப் கிளெண்டாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டான்.

குலுக்கல் தொடங்கியது. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிளப் செயலாளர் எண்களைக் கூவினார். ஓர் எண்ணுக்கு யாரும் எழவில்லை. மறுபடி கூவினார். கிளெண்டா தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், அதை மேசையின் மேல் ட்ரெவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீ போ" என்றாள்.

அவன் போனான். மேசைகளுக்கு நடுவே நடக்கும்போது யாரோ சிங்கம் மாதிரி உறுமினார்கள். செயலாளர் தட்டை அவன் கையில் வைத்தார். பன்றி விலா, தொத்திறைச்சி, ஈரல், எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிய பிளாஸ்டிக் தாள். "லைசன்ஸ்காரனை விரட்டின வீரருய்யா! ரெண்டு வார்த்தை சொல்லு, ட்ரெவர்!" மைக் அவன் வாய்க்கு நேரே வந்தது.

அது வீலென்று கத்தியது. கூடம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கிளெண்டா மட்டும் பொத்தவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, முகத்தைச் சற்றே சாய்த்து, காலையில் ரேடியோவுக்கு முன் உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள். மைக் மெல்ல அடங்கியது. சிரிப்பும் அடங்கியது. ட்ரெவரின் கையில் தட்டு லேசாகச் சாய்ந்திருந்தது. ஈரலின் ரத்தம் தாளுக்கு அடியில் மெதுவாக ஒரு மூலைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். அவனுடைய மூச்சு, பெரிதாகி, கூடத்தின் எல்லா மூலையிலும் கேட்டது.