குண்டூசியின் கை

தொட்டித் தண்ணீரில் போட்டால் வாசத்தோடு நுரைத்துக் கரைகிற குளியல் உருண்டை செய்கிறவர்களுக்கு ஈரத்தைப் போல எதிரி வேறு கிடையாது. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் காய்ந்து கிடக்கிற வரைக்கும் பரம சாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதோ, புஸ்ஸென்று பொங்கி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டிலேயே உருண்டை செய்து விற்கிற அவள், ‘ஈரம் படாமல் வைத்தால் ஆறு மாதம் கெடாது’ என்று ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டித்தான் அனுப்புவாள்.

கடை அச்சில் இதயமும் நட்சத்திரமும் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். அவள் அச்சைத் தானே வார்ப்பாள். ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார், இன்னொருத்தர் செத்துப்போன நாயின் பொம்மையை. எல்லாம் நன்றாகத்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் கேட்டார்கள் இவளை, பெற்ற பெண்ணின் கையை அச்செடுக்கச் சொல்லி?

மகளுக்கு ஐந்து வயது. ஒல்லிப்பிச்சான் என்பதால் வீட்டில் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். தோலில் பூசி அச்செடுக்கிற சிலிக்கான் என்ற ரப்பர்க் கூழ் இறுகக் கால் மணி நேரம் ஆகும். குண்டூசியாவது, கால் மணி நேரம் ஆடாமல் இருப்பதாவது! அதனால் தன் ஆள்காட்டி விரலை அவள் கைக்குள் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

“அம்மா சொல்ற வரைக்கும் விடக் கூடாது. என்ன?”

“விடமாட்டேன்மா.”

சிலிக்கான் இறுகியதும் தன் விரலை மெல்ல உருவினாள். பக்கவாட்டில் கீறி மகளின் கையையும் எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் ஒரு குச்சியைச் செருகிப் பொடியை அழுத்தி எடுத்தால், நகமும் ரேகையும் அப்படியே விழுந்த ஒரு சின்னக் கை வந்தது. நடுவில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. ஏழு கைகள் போட்டாள், ஏழும் ஒரே வாரத்தில் விற்றுப்போய்விட்டன.

பார்சல் கட்டுவது, வருகிற சேதிகளுக்குப் பதில் போடுவது எல்லாம் நாத்தனார் வேலை. “அண்ணி, இந்தக் கூத்தைக் கேளுங்களேன்,” என்று சிரித்துக்கொண்டே ஒரு நாள் வந்த சேதியைப் படித்தாள். ‘தொட்டியில் போட்டு ஓட்டைக்குள் விரலை விட்டேன். கரைகிறதுக்கு முன்னாடி என் விரலை ஒரு தரம் இறுக்கிப் பிடிச்சுதுங்க.’

தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குண்டூசி தலையைத் தூக்கவில்லை. “மோதிரம் போட்ட ஆன்ட்டிதானே? அவங்க அழுதாங்க.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் மகளின் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியது மாதிரி விரல்நுனி எல்லாம் சுருங்கிக் கிடந்தது. லாவண்டர் வாசம் வேறு.

“எங்கடி தண்ணியில ஆடின?”

“நான் எங்கம்மா ஆடினேன்? அவங்கதான் குளிச்சாங்க.”

அரை மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது. ஆனால் மறுநாளும் ஒரு சேதி, மறுபடியும் சுருக்கம். இப்படி ஆறு முறை. ஆறாவது தரம் குண்டூசி, “ஒரு தாத்தா ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டாரும்மா,” என்றாள். கேட்டதும் இவள் கத்தரிக்கோலை எடுத்து அச்சை நார் நாராக வெட்டிப் போட்டாள். மிச்சம் ஒரே ஒரு கை. அதை வாங்கியவளிடமிருந்து மட்டும் சேதி வரவில்லை. உடனே போன் போட்டாள்.

“அம்மா, அந்தக் கை உருண்டையைத் தயவுசெஞ்சு தண்ணியில போட்டுடாதீங்க. உங்க கால்ல விழறேன்.”

“ஏம்மா, என்னாச்சு?”

“அது என் பொண்ணோட கை. போட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...”

அந்தப் பக்கம் குரல் இளகி வந்தது. “எனக்கும் ஒருத்தி இருந்தா. இதே அளவு கைதான். நீங்க கவலையே படாதீங்க. சத்தியமா போடமாட்டேன். சொட்டு ஈரம் படாம வச்சுக்கறேன். ஆறு மாசம் கெடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

அப்பாடா என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். குண்டூசியின் கையிலிருந்து பென்சில் விழுந்து உருண்டது. வலது கை மூடிக்கொண்டிருந்தது. இந்தத் தரம் சுருக்கம் இல்லை. தோல் வறண்டு, மாவு பூசியது போல் வெளுத்திருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் அவள் தன் ஆள்காட்டி விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரைந்த ஆறு கைகளும் குண்டூசியை விட்டுவிட்டன. கரைக்காதே என்று கெஞ்சிக் கூத்தாடி ஏழாவதைப் பிடித்துவைக்கச் சொன்னது இவளேதான். பாவி, என் வாயாலேயே சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் பார்சல் முகவரிக்கு ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது.

“இப்பதாம்மா பெட்டியோட கிளம்பிப் போனாங்க,” என்றார் கீழ்வீட்டுக்காரர். “என்னமோ சின்னக் குழந்தையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி, ஒரு பக்கமா சாஞ்சே நடந்தாங்க. கூட யாரும் இல்ல.”

திரும்பி ஓடிவந்தபோது வாசலில் குண்டூசி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். வலது கை முன்னால் நீண்டிருந்தது. நாத்தனார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அண்ணி, என்னால புடிக்க முடியல அண்ணி!” என்று அழுதாள்.

அவள் பாய்ந்து மகளின் இடது கையைப் பற்றினாள். “விடுடி கண்ணு! அம்மா சொல்றேன்ல, விட்டுடு!”

“நான் அப்பவே விட்டுட்டேன்மா,” என்றது குழந்தை. “அவங்கதான் விடமாட்டேங்கறாங்க.”