ஓரத்தில் ஒரு கை

மகன் கர்ட் காதலித்த கொலீனை, லொரெய்ன் மூன்று வருடமும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு எடுத்த குடும்பப் படங்களில் ஓரத்தில்தான் நிறுத்தினாள். "நாளைக்கே ரெண்டும் பிரிஞ்சிட்டா? அட்டை வீணாயிடும்ல" என்று படத்திலிருந்து அவளை வெட்டிவிட்டுத்தான் உறவுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பினாள். கல்யாணமும் ஆயிற்று, பேத்தியும் பிறந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் லொரெய்னுக்கு நா எழவில்லை.

இந்த வருடம் கர்ட் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. போன மாதம் நன்றிநாள் விருந்தன்று, குடும்பத்தில் எல்லோரும் ஒரே சிவப்பு ஸ்வெட்டரில் நின்று எடுத்த படம். "நீங்க அந்த ஓரமா நில்லுங்க அத்தை" என்று அன்று கொலீன் சிரித்தபடிதான் சொன்னாள்.

அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டப்போன கணவர் வெர்னன் உற்றுப் பார்த்தார். "ஏய் லொரெய்ன், பேத்தி தோள் மேல மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் இருக்கே, யாரோடது?"

"ஒட்டுங்க" என்றாள் லொரெய்ன், மோதிரக் கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு.