விழுவதற்கு முன்பே

அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படி.

சென்ற மாதம் ஏழாம் தேதி, பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பின்மண்டையில் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு வலி. நாற்காலியை விட்டு எழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் மாறி மாறி, எங்கே விழுந்தீர்கள் என்றே கேட்டார்கள். ஸ்கேனில்தான் தெரிந்தது, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கிறது என்று. இரத்தக்குழாயில் ஓர் இடம் பழைய சைக்கிள் டியூப்போல் புடைத்திருந்து, தானாகவே வெடித்ததாம். அடைத்துவிட்டார்கள்.

"உன் தலை வெடிக்கிறது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை உங்கண்ணன்கிட்ட வெடிச்சே," என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா பரணுக்கு ஏறி, யாரும் பிடித்திராத ஏணியிலிருந்து விழுந்து இறந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு அன்று எடுத்து, அப்பா பீரோவில் வைத்திருந்த ஸ்கேன் படத்தை வரவழைத்து, டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"விழுந்ததால இரத்தம் வரலைம்மா. இரத்தம் கசிஞ்சதாலதான் விழுந்திருக்காங்க. ஏணியை யார் பிடிச்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும்."

ஒன்பது வருஷம், அண்ணா. தலை என்னவோ பண்ணுதுடா என்று அம்மா சொன்னதாகவும், தண்ணீர் எடுக்கத்தான் ஏணியை விட்டதாகவும் நீ அன்றைக்கே சொன்னாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ பிடிச்சிருந்தா அம்மா இருந்திருப்பாங்க," என்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவே இல்லை.

அம்மாவுக்கும் எனக்கும் வந்திருப்பதால் கூடப்பிறந்தவரும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம். வரும் பதினான்காம் தேதி செவ்வாய், காலை பத்து மணிக்கு ஸ்கேனுக்கு உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். உன் வயது கேட்டார்கள். விரல் விட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சிகரெட் உண்டா என்றார்கள், தெரியாது என்றேன்.

ஸ்கேனுக்காக மட்டும் எழுதவில்லை. மன்னிப்பு கேட்கும் வரியை நான்கு தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். அது நேரில்தான் வரும்.

கூடத்து பல்பு போய் ஒரு வாரமாகிறது. நான் ஏறக் கூடாதென்று உத்தரவு. இவருக்கு உயரம் என்றாலே பயம். அதே ஏணி இருக்கிறது. டாக்டர் சரி என்று சொன்னபின் நீ ஏறு. நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை