எட்டாவது மீட்டர்

அக்காவின் பல் கிளினிக்குக்கு மறுநாள் காலை திறப்பு. எல்லாம் தயார், நோயாளியைச் சாய்த்து உட்கார வைக்கும் நாற்காலி மட்டும் அசைய மாட்டேன் என்றது. சுவர்ப் பெட்டியிலிருந்து தரைக்கடியில் அதற்குப் போகும் கேபிளில் எங்கோ இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மேலே பளபளவென்று புதுக் கல் பாவியாயிற்று. அந்த நிறத்தில் மிச்சம் ஒரே ஒரு கல். ஒன்றை உடைக்கலாம். இரண்டாவதை உடைத்தால், உள்ளே வருகிறவர் கண் பல்லை விட்டுவிட்டு ஒட்டுக் கல்லைத்தான் பார்க்கும்.

வயரிங் வேலைக்கு வந்த அம்மாள் தரையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கார் பேட்டரி, அதன் மின்சாரம் போகும் வழியில் ஒரு ஹெட்லைட் பல்பு, கையில் அளக்கும் கருவி. பெட்டிப் பக்கம் இணைத்தார். ஓடியது நாலு ஆம்பியர், கம்பி முனைகளுக்கு நடுவே 0.48 வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தார்; மின்தடை 0.12 ஓம். இந்தத் தடிமனுக்குப் போக வர மீட்டருக்கு 0.015 ஓம். ஆக, எட்டாவது மீட்டர்.

நான் ஹார்டுவேர் கடைக்காரன்; அந்தக் கேபிளும் என் கடையில் அளந்து கொடுத்ததுதான். எதிராளி சொல்வதில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குகிற வம்சம். எட்டு என்றால் ஏழரையா, எட்டேகாலா, முடிவாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் காதில் வாங்காமல் நாற்காலிப் பக்கம் போய் அதே கணக்கைப் போட்டார். 0.66 வோல்ட், பதினொரு மீட்டர்.

"கேபிள் இருபது மீட்டர்னு சொன்னீங்க, முதலாளி. எனக்குப் பத்தொன்பதுதான் வருது."

மிச்சத்தை நாற்காலிக்கு அடியில் சுருட்டிப் புதைத்திருந்தார்கள். அளந்து பார்க்க வழியில்லை. என் சரக்கு தடிமன் கூடுதல், அதனால் தடை குறைவாகத்தான் காட்டும் என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. இருக்கலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அடுத்தடுத்த இரண்டு கல்லில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"இருபது நிஜம்னா கம்பி ஒட்டின இடம் கொஞ்சம் தள்ளிப் போகும், இந்தக் கல்லு. பத்தொன்பதுன்னா அந்தக் கல்லு. எதை உடைக்கட்டும்?"

உளி அவர் கையில். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் கடை மேசையில் அப்பா அறைந்த பித்தளை மீட்டர் கோல் ஐந்து சென்டிமீட்டர் குறைவு; இருபது மீட்டர் அளந்தால் ஒரு மீட்டர் எங்களுக்கு. முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் கண்ணிலும் படாதது. அதை, கல்லுக்கும் காரைக்கும் மேலே நின்றுகொண்டு, ஒரு பேட்டரியும் இரண்டு வகுத்தலும் கண்டுபிடித்துவிட்டன.

"அந்தக் கல்லு" என்றேன்.

"அப்பா கோலாடா?"

"ஆமாக்கா."

"எனக்குமாடா?"

கைப்பழக்கம் என்றேன்.

கல் பெயர்ந்தது. காரையைச் சுரண்டினால், நூல் கட்ட அடித்துக் கொத்தனார் மறந்த ஆணி, இரண்டு கம்பிக்கும் குறுக்கே. பெட்டியிலிருந்து அளவு நாடா வைத்தேன்: எட்டு மீட்டர், இரண்டு விரல். மண்டியிட்ட நான் எழுந்திருக்கவில்லை. யார் கண்ணும் போகாத இருட்டுக்குள் அந்த அம்மாள் எண்களைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், நின்ற இடத்தில் ஆணி இருந்தது.

ஆணியைப் பிடுங்கி, கம்பியைச் சீராக்கி, கல்லைப் பாவியதும் நாற்காலி மெல்ல எழுந்தது. 230 வோல்ட், மூன்று ஆம்பியர். பெருக்கி 690 வாட் என்றார். பின்புறத் தகட்டில் எழுநூறு என்றிருந்தது. பத்து வாட் குறைகிறதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஏம்மா, தோட்டத்துக்கு இவன்கிட்ட வாங்கின தண்ணிக் குழாயையும் இப்படி அளக்க முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.