இரண்டு மணி மாத்திரை

மேகலா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பக்கத்துக் களத்துக்கு ஓடினாள். மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. களத்துக்காரர் ராஜவேலின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்திக்கங்க. அவரு தூங்குறாரு."

"காசிநாதனா?"

"ஆமாண்ணே."

வேறெதுவும் கேட்காமல் ராஜவேல் மெஷினை நிறுத்தினார். கூலியாட்கள் நிழலுக்குப் போனார்கள். அவள் புருஷன் தூங்கி இரண்டு வருடமாகிறது என்பது வேப்பந்தட்டையில் அந்தத் தெருவுக்கே தெரியும்.

இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். கம்பியில் சாய்ந்தபடியே கண்ணயரக் கூடியவர். பார்கின்சன் நோய் வந்து கை ஆடத் தொடங்கியபின், கண்ணை மூடினாலே யாரோ அடிக்க வருவதாகக் கத்துவார், உதைப்பார். ஒருமுறை உதைத்ததில் மேகலாவின் மணிக்கட்டு முறிந்தது. அந்த மாவுக்கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதார். "என்னையக் கட்டிப் போட்டுடு மேகலா" என்றார். போன மாதம், "இப்புடி முழிச்சே கெடக்கறதுக்குப் போய்ச் சேந்துடலாம்" என்றபோதுதான் அவள் திருச்சிக்கு அழைத்துப் போனாள்.

"அறுக்கறதெல்லாம் இல்லம்மா. தலைக்கு வெளியேருந்தே காந்தத்தால மூளையத் தூண்டுறோம்" என்றார் டாக்டர். "சிலருக்குத் தூக்கம் வருது, சிலருக்கு வரல. நோய் இதால போயிடாது."

பத்து நாள், பஸ் மாறிப் போய் வந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வளையத்தைத் தலையோடு ஒட்டிப் பிடிப்பார்கள். டக் டக்கென்று சத்தம் வரும். "யாரோ கதவத் தட்டுறாப்ல இருக்கு" என்றார் காசிநாதன். ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் திரும்பும்போது பஸ்ஸில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. பெரம்பலூர் வரும்வரை மேகலா மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள்.

மறுநாளான இன்று, சாப்பிட்டுப் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். ஆழ்ந்து தூங்கினால் கை ஆடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடாமல் கிடந்த வலது கையை அவள் வாசற்படியிலிருந்தே பார்த்தாள். கிட்டே போனால் விழித்துவிடுவாரோ என்று பயம். திருப்பூரிலிருக்கும் மகள் பூங்குழலிக்குப் போன் போட்டு, "அப்பா தூங்குறாருடி" என்று கிசுகிசுத்தாள். இரண்டு மணி மாத்திரைக்குக்கூட அவரை எழுப்பவில்லை.

நான்கு மணிக்குக் காபியோடு போய்க் காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்தாள். ஸ்பூனால் அவர் வாயில் விட்டாள். கடைவாய் வழியாக வழிந்தது. மறுபடி விட்டாள். இன்னொரு மாத்திரையை எடுத்து நசுக்கினாள். ராஜவேல் வந்துதான் அவள் கையிலிருந்த ஸ்பூனை வாங்கினார்.

குரும்பலூரிலிருந்து கொழுந்தன் அசோக் வந்து சேர்ந்தான்.

"உசுரு எத்தன மணிக்கு அண்ணி போச்சு? திதி பாக்கணும்."

மேகலா ராஜவேலைப் பார்த்தாள்.

"நான் வந்து கும்பிட்டப்ப அவரு உசுரோட இருந்தாருல்லண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மெஷினு ஓடியிருந்தா எந்திரிச்சிருப்பாரோ?"

அசோக், "பூங்குழலிக்கு நீங்களே சொல்லிடுங்க அண்ணி" என்று போனை அவள் கையில் கொடுத்தான். மணி ஒருமுறை அடிப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

"அம்மா, அப்பா எந்திரிச்சிட்டாரா? நல்லாத் தூங்குனாராம்மா? என்ன சொன்னாரு?"

மேகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா... கேக்குதா?"

காசிநாதனின் பாதத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. மேகலா குனிந்து சேலைத் தலைப்பால் மெல்ல அதை ஓட்டினாள்.

"கேக்குதுடி" என்றாள்.