ஆள் வருதா?

நிலவில் இடம் பிடிக்க வேம்படித்துறைக்காரர்கள் துண்டு அனுப்ப ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது.

மனிதர்கள் மறுபடி நிலவுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. ஆட்களை ஏற்றிப்போகும் பெரிய வண்டிக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. தேதி குறிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவன் திருச்செந்தூர் பஸ்ஸில் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். நிலவுக்கு ஜன்னல் கிடையாது. அதனால் சின்னக் கலங்களை அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு சோற்றுத் தூக்குவாளி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு துண்டு, ஒரு காமிரா, கேட்கவும் பேசவும் ஒரு கருவி. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்குக் கடற்கரை மேட்டிலிருந்து பத்துப் பத்தாக விடுவார்கள். கலம் போய் இறங்கி, துண்டை விரித்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கும். ஆளுக்கு ஒரு துண்டு, அதுதான் கணக்கு.

புதுத் துண்டு அங்கே படியாது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழும்பிப் போய்விடும். உடம்பில் கிடந்து வியர்வை ஏறிய துண்டுதான் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஆரம்பத்தில் சில பெருமைக்காரர்கள் கடையில் வாங்கிய பூப்போட்ட டர்க்கி டவலைக் கவரோடு அனுப்பினார்கள். டவலும் போனது, இடமும் போனது. ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

கிளெமென்சி இரண்டு துண்டு அனுப்பினாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று இன்னாசியுடையது.

இன்னாசி அவள் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை விசைப்படகில் போனவர். படகும் திரும்பவில்லை, ஆட்களும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. எதையும் இரண்டு தடவை சொல்வது அவர் பழக்கம். சாப்பிட்டாச்சா என்றால் "ஆச்சு ஆச்சு." இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்றால் "போதும் போதும்." அன்றைக்கும் வாசலில் நின்று "வாரேன் வாரேன்" என்றுதான் சொன்னார். இரண்டு தடவை சொன்ன மனுஷன் ஒரு தடவையாவது வர வேண்டாமா என்று கிளெமென்சிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன்பே அவர்மேல் அவளுக்கு ஒரு கோபம் உண்டு. பஸ்ஸில் அவர் உட்கார மாட்டார். எப்படியோ அடித்துப் பிடித்து அவள் இரண்டு பேருக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரியோ கம்பு ஊன்றிய மனுஷரோ ஏறியதும் இவர் எழுந்துவிடுவார். பிறகு தூத்துக்குடி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படகில் வலை இழுக்கும் விஞ்சுக் கயிற்றில் மாட்டி இடது காலில் சுண்டுவிரல் போன பிறகு அதிக நேரம் நின்றால் அந்தக் கால் அவருக்குக் கடுக்கும். அப்படியும் நிற்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போன பயணத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலவிலாவது இந்த மனுஷனை உட்கார வைக்க வேண்டும் என்று கிளெமென்சி ஆசைப்பட்டாள்.

அவருடையதென்று வீட்டில் துவைக்காமல் இருந்தது ஒரு துண்டுதான். நீலக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு. பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். வாசம் போய்விடும் என்று அடிக்கடி திறக்க மாட்டாள். அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் கவரோடு கொண்டுபோய், கலம் விடுகிறவர்களின் அலுவலகத்தில் கொடுத்தாள்.

கிளார்க் சண்முகக்கனி படிவத்தை எடுத்தார்.

"ஆள் ஊர்ல இருக்காரா?"

"வருவாக."

அவர் அந்தக் கட்டத்தில் 'வருவார்' என்று எழுதி முத்திரை குத்தினார். பிறகு ஒரு சின்னப் பெட்டியை அவளிடம் கொடுத்தார். சோப்பு டப்பா மாதிரி இருந்தது.

"தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு இதுல கேப்பாங்கம்மா. வருது, இல்லன்னா வரலை. இந்த ரெண்டுதான் அங்க போய்ச் சேரும். வேற என்ன பேசினாலும் பாதி வழியிலயே உதுந்து போயிரும். மூணு நாள் பதில் இல்லன்னா துண்டை எடுத்துருவாங்க. வரலைன்னு சொல்லிட்டா நாங்க பேரை அடிச்சிருவோம். அப்புறம் அந்தப் பேருக்கு வேற துண்டு கெடையாது."

"நான் எதுக்கு வரலைன்னு சொல்லப் போறேன்" என்றாள் கிளெமென்சி.

கலங்கள் நல்லபடியாக இறங்கின. முதல் படம் செல்போனுக்கு வந்தது. சாம்பல் நிறத் தரையில் அவளுடைய ரோஸ் துண்டும் அவருடைய நீலக்கட்டத் துண்டும் சாண் இடைவெளியில் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில் என்று படிவத்தில் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அன்றைக்கு நாலு மணிக்கு முதல் கேள்வி வந்தது.

"ஆள் வருதா?"

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற குரல். ரோஸ் துண்டுக்கு ஒரு தடவை, நீலக்கட்டத்துக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் "வருது" என்றாள். பெட்டி அடங்கிவிட்டது. அவள் காபி போடப் போனாள்.

அங்கே இன்னும் யாரும் போய்ச் சேரவில்லை. கேட்பது யார் என்று ஊரில் யாரும் விசாரிக்கவும் இல்லை. துண்டு கிடக்கும் இடத்தில் நாலு பேர் நிற்கத்தான் செய்வார்கள். நிற்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

படத்தில் ஆள் விழுவதில்லை. கால்தடம்தான் விழும். முதல் வாரம் துண்டுகளைச் சுற்றி நாலைந்து ஜோடித் தடங்கள் இருந்தன. எல்லாம் வெறுங்கால். எல்லா விரல்களும் துண்டைப் பார்த்தபடி இருந்தன. ஒன்றுகூடத் துண்டை மிதிக்கவில்லை. இரண்டாம் வாரம் அது முப்பதாகிவிட்டது. மூன்றாம் வாரம் தரையே தெரியவில்லை, துண்டுகள் மட்டும்தான் தெரிந்தன.

"கூட்டம் சாஸ்தியாயிட்டு மைனி" என்றாள் மெற்றில்டா. இன்னாசியின் தங்கை, அடுத்த வீடு. தன் பெட்டியில் பதில் சொல்லி முடித்துவிட்டு நாலு மணிக்கு மேல் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வாள். "நேத்து ஒருத்தி கைப்பிள்ளையோட நிக்கேன்னு சொல்லுதா. நான் அசையலையே. நீங்களும் மனசு எளகி அண்ணன் எடத்தை விட்டுராதீக."

"நான் ஏன் விடுதேன்?"

"அண்ணன் இருந்தா விட்டுருக்கும்."

"அதுக்குத்தான அவுகளைக் கேக்காம நான் போட்டது" என்றாள் கிளெமென்சி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நாலாம் வாரம் நீலக்கட்டத் துண்டுக்குப் புதிதாக ஒரு ஆள் கேட்க ஆரம்பித்தார்.

"ஆள் வருதா, ஆள் வருதா?"

பெட்டி திக்குகிறது என்று நினைத்துக் கிளெமென்சி அதை இரண்டு தட்டுத் தட்டினாள். "வருது" என்றாள். மறுநாளும் அதே மாதிரி இரண்டு தடவை கேட்டது. ரோஸ் துண்டுக்குக் கேட்கும்போது மட்டும் பெட்டி திக்கவில்லை. இப்படிப் பத்தொன்பது நாள் போயிற்று. பத்தொன்பது நாளும் அவள் கறாராக "வருது" என்றாள். ஒருநாள் அந்தக் குரல், "செத்த நேரம் உக்காந்துக்கிடட்டுமா, ஆள் வந்ததும் எந்திரிச்சிருவேன்" என்றுகூடக் கேட்டது. இப்படி உட்காருகிறவர்கள் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை என்று கிளெமென்சிக்குத் தெரியும். "வருது" என்று அழுத்திச் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

இருபதாம் நாள் காலைப் படத்தில் நீலக்கட்டத் துண்டுக்கு மிகப் பக்கத்தில் ஒரு ஜோடித் தடம் இருந்தது. வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் தரை வழவழவென்று இருந்தது. இடது தடம் வலதைவிட ஆழம் குறைவாகவும் இருந்தது. கால் கடுக்கும்போது அதை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர் அவர்.

கிளெமென்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே போய் வெயிலில் நின்று பார்த்தாள். கடற்கரை மணலில் எத்தனை நூறு தடங்களுக்கு நடுவிலும் அவள் கண் பொறுக்கி எடுத்துவிடும் கால் அது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியத்துக்கு உலை வைக்கவில்லை.

அவருக்கென்று போட்ட இடத்தில் அவரை உட்காரவிடாமல் பத்தொன்பது நாள் அவள்தான் நிற்க வைத்திருந்தாள். தன் துண்டு தனக்குத் தெரியாத மனுஷன். வீட்டில் இருக்கும்போதும் அவள் எடுத்துக் கொடுத்ததைத்தான் தோளில் போட்டுக்கொண்டு போவார். அங்கே யார் எடுத்துக் கொடுப்பார்கள்? இன்றைக்கும் "வருது" என்றால் அவர் நிற்பார். நாளைக்கும் நிற்பார். "வரலை" என்றால் உட்காருவார். ஆனால் அலுவலகத்தில் 'வருவார்' என்று எழுதியதை அடித்துவிடுவார்கள். ஆறு வருஷமாக, பாதிரியார் கேட்டபோதும் சொந்தக்காரர்கள் கேட்டபோதும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் வாயால் சொன்னதில்லை.

நாலு மணிக்கு மெற்றில்டா வந்து காபி டம்ளரோடு உட்கார்ந்தாள். ரோஸ் துண்டுக்குக் கேள்வி வந்தது. கிளெமென்சி பதில் சொன்னாள். பிறகு அடுத்தது வந்தது.

"ஆள் வருதா, ஆள் வருதா?"

கிளெமென்சி பெட்டியைக் கையில் எடுத்தாள். "அது உங்க துண்டுதான். நீலக் கட்டம். நல்லாப் பாருங்க" என்றாள்.

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. பாதி வழியில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிரும் சத்தம் மழைத்தூற்றல் போலக் கேட்டது. பிறகு மறுபடியும் அதே மரியாதையோடு கேட்டது.

"ஆள் வருதா, ஆள் வருதா?"

கிளெமென்சி வாயைத் திறந்தாள். பெட்டியை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"வரலை" என்றாள்.

மெற்றில்டா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "என்ன மைனி சொல்லுதீக! எங்க அண்ணன் எடத்த யாருக்குத் தூக்கிக் குடுத்தீக? உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அதற்குள் பெட்டியிலிருந்து பதில் வந்துவிட்டது.

"சரி சரி."

தொடர்ந்து, வெகுநேரம் நின்ற ஒரு ஆள் உட்காரும்போது விடும் பெருமூச்சும் வந்தது. பெட்டி அடங்கியது.

கிளெமென்சி செல்போனை மெற்றில்டாவிடம் நீட்டினாள். மெற்றில்டா படத்தை விரலால் அகட்டினாள். ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணினாள். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினாள்.

"எங்க அண்ணன் இம்புட்டு நாளும் நின்னுக்கிட்டேவா இருந்துச்சு?" என்றாள். "கால் கடுத்துருக்குமே மைனி."

இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் மெற்றில்டா ஒரு பழந்துணியை எடுத்துக் கொட்டிய காபியைத் துடைத்தாள்.

மறுநாள் காலை சண்முகக்கனி வீடு தேடி வந்து, சிவப்பு மையில் அடித்த படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போனார். படமும் வந்தது. நீலக்கட்டத் துண்டு நடுவில் குழிந்திருந்தது. நாலு விரல் தடம் இப்போது துண்டுக்கு முன்னால், வெளிப்பக்கம் பார்த்து நீட்டி இருந்தது. துண்டின் ஓரத்தில், கட்டை விரல் அளவில், கைப்பிள்ளையின் கால்தடங்கள் இரண்டு பதிந்திருந்தன. நிற்கிறவளிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, எழுந்து கொடுக்கவில்லை என்று கிளெமென்சி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. ரோஸ் துண்டுக்கு. குரல் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

"ஆள் வருதா?"

கிளெமென்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்தே யாரோ சொல்லிவிட்டார்கள். துண்டுக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து.

"வருது, வருது."

கேட்ட குரல் விலகிப் போயிற்று. கிளெமென்சி பெட்டியை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டாள். அதன் பிறகு எந்த நாளும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுடைய செருப்பைக் காணவில்லை. வாசலில் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள், மெற்றில்டா மாட்டிக்கொண்டு போய்விட்டாளா என்று அவள் வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்தாள். நேரம் ஆகிவிட்டது. மீன் தீர்ந்துவிடும். கூடையை எடுக்கும்போது செல்போனில் அன்றைய படம் வந்து விழுந்தது. ரோஸ் துண்டுக்கு முன்னால் அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

கிளெமென்சி செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு மீன் வாங்கப் போனாள்.